வட அமெரிக்க வாழ்க்கை: ஊரிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் பல வருடங்களாக வசிக்கிறேன். சொந்தக்காரர்கள் அமெரிக்காவில் இருப்பதால் எல்லை தாண்டி பஃபலோ, நியூஜெர்சி பக்கம் போய்வருவதும் வழக்கம். திருநெல்வேலியிலிருந்து போன் பேசும் உறவினர்களும், இங்கே புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. "அவங்க அப்படித்தான்" என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. நிலம், குளிர், ஒரு பழைய சட்டம், எவரோ ஒரு வியாபாரியின் பிடிவாதம் என்று ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

விலைச்சீட்டில் 20 டாலர் என்று இருக்கிறது; கல்லாவில் ஏன் 22.60 கேட்கிறார்கள்?

வரி. நம் ஊரில் பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்குள்ளேயே வரி அடங்கிவிடும். இங்கே சீட்டில் இருப்பது வரிக்கு முந்தைய விலை. ஒண்டாரியோவில் 13 சதவீதம் சேரும், ஆல்பர்ட்டாவில் 5 சதவீதம்தான். அமெரிக்காவில் மாநிலம் ஒரு வரி போடும். அதற்குமேல் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) நகரமும் தங்கள் பங்குக்குப் போடலாம். ஓரிகன், மொன்டானா, டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர், அலாஸ்கா ஆகிய ஐந்தில் மாநில விற்பனை வரியே கிடையாது. ஊருக்கு ஊர் கணக்கு மாறுவதால், நாடு முழுக்கக் கடை வைத்திருப்பவர்களுக்கு வரியில்லாத விலையைப் போடுவதுதான் வசதி.

அரிசி, பால், காய்கறி போன்ற அடிப்படை உணவுக்குக் கனடாவில் வரி இல்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. டோனட் ஐந்து வாங்கினால் வரி கட்ட வேண்டும், ஆறு வாங்கினால் வேண்டாம். ஐந்து வரை நொறுக்குத்தீனி, ஆறு என்றால் வீட்டுக்கு வாங்கிப்போகிற மளிகை என்று கணக்கு.

சில்லறை பற்றியும் கேட்பார்கள். 2013 பிப்ரவரியிலிருந்து கனடா ஒரு சென்ட் நாணயத்தைப் புழக்கத்துக்கு விடுவதில்லை. ரொக்கமாகக் கொடுத்தால் 22.62 என்பது 22.60 ஆகும், 22.63 என்றால் 22.65. கார்டு தேய்த்தால் சென்ட் வரை அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

ஹோட்டலில் சாப்பிட்டதற்கு மேல் 15, 20 சதவீதம் டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமா?

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் கொடுங்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து அது மாறவில்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கோ முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். இது 1991-லிருந்து அப்படியே நிற்கிறது. டிப்ஸையும் சேர்த்து 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் இந்தக் குறைந்த கூலி இல்லை. ஒண்டாரியோவில் மது பரிமாறுவோருக்கென்று தனியாக ஒரு குறைந்த கூலி இருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

இதற்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைப் புல்மன் கம்பெனி தன் ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது. சம்பளம் மிகக் குறைவு, பிழைப்பு பயணிகளின் டிப்ஸில். அந்தத் தொழிலாளர்கள் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925-இல் சங்கம் அமைத்து, 1937-இல் கம்பெனியை ஒப்பந்தத்துக்கு வர வைத்தார்கள். இதைப் படித்த பிறகு, டிப்ஸைத் தாராள மனசு என்று மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை. கூலி கொடுக்க வேண்டியவர் முதலாளி. அது நடக்கும்வரை பரிமாறுகிறவரின் வயிற்றில் நாம் அடிக்கக் கூடாது என்பது என் கட்சி. காபி வாங்கிக்கொண்டு வெளியே போகிற இடத்தில் கார்டு மெஷின் டிப்ஸ் கேட்டாலும் கொடுப்பது உங்கள் விருப்பம்.

வீட்டையெல்லாம் ஏன் மரத்தில் கட்டுகிறார்கள்? புயலடித்தால் நிற்குமா?

இந்தக் கேள்வியை விடாமல் கேட்பவர் என் சித்தப்பா. மேஸ்திரி வேலையில் தலை நரைத்தவர். இங்கே வந்திருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தினமும் நடைக்குப் போகிற சாக்கில் அங்கே போய் நின்றுவிடுவார். நான்கு பேர், ஆணி அடிக்கிற துப்பாக்கிகள், ஒரே அளவில் அறுத்த மரச்சட்டங்கள். சட்டங்களைத் தரையிலேயே அடுக்கிச் சுவராக அடித்து, நாலு பேரும் தூக்கி நிறுத்துவார்கள். "கம்பி எங்க, சிமென்ட் எங்க, பிளிந்த் பீமெல்லாம் இல்லையாலே?" என்பார். அஸ்திவாரத்துக்கு மட்டும் கான்கிரீட் ஊற்றியிருந்ததைக் காட்டியதும்தான் கொஞ்சம் சமாதானமானார்.

முதல் காரணம், காடு. இந்தக் கண்டத்தில் மரம் மலிவு. 1830-களில் சிகாகோ வேகமாக வளர்ந்தபோது, ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களையும் இயந்திரத்தில் செய்த மலிவான ஆணிகளையும் வைத்து வீடு கட்டும் முறை அங்கே பரவியது. பெரிய உத்தரமும் நுணுக்கமான தச்சு வேலையும் தேவைப்படாததால், சாதாரண ஆட்களே சீக்கிரம் கட்டி முடிக்க முடிந்தது. 1871-இல் சிகாகோவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தீயில் அழிந்ததும் வரலாறுதான். பின்னால் தீத்தடுப்பு விதிகள் இறுகின. சுவரின் உட்பக்கம் தீயைத் தாமதப்படுத்தும் ஜிப்சம் பலகை அடிக்கும் வழக்கமும் வந்தது.

இரண்டாவது காரணம், குளிர். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கண்ணாடிப் பஞ்சு திணிக்கிறார்கள். வெளியே மைனஸ் 20 இருந்தாலும் உள்ளே 21 டிகிரியைக் காப்பது அந்தப் பஞ்சுதான். வெறும் செங்கல் சுவரில் சூடு அப்படி நிற்காது. டொராண்டோவில் வெளியே தெரியும் செங்கல் பெரும்பாலும் ஒரு மேலுறை. பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரம்.

சித்தப்பா டேப் வைத்து அளந்து கண்டுபிடித்த இன்னொன்றும் உண்டு. "டூ பை ஃபோர்" என்று விற்கிற சட்டம் இரண்டுக்கு நாலு அங்குலம் இருக்காது. ஒன்றரைக்கு மூன்றரை. அறுத்து, காயவைத்து, இழைத்த பிறகு மிஞ்சும் அளவு அது. பெயர் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. சுவரில் சாமி படம் மாட்ட வேண்டுமென்றால் தட்டிப் பார்த்து உள்ளே சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும்.

சரி, புயலுக்கு நிற்குமா? சட்டங்களை இரும்புப் பட்டைகளால் முறையாகப் பிணைத்துக் கட்டிய வீடு நன்றாகவே தாங்கும். நேராக ஒரு பெரிய டொர்னேடோ (சுழல்காற்று) வந்து மோதினால் தாங்காது.

கொட்டும் பனியிலும் தண்ணீரில் ஐஸ் போட்டுத் தருகிறார்களே, ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில் தேடிப் போனால் மெரினா கடற்கரையில் வந்து நிற்கிறது.

பாஸ்டனில் ஃபிரெடெரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி. மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் உறைகிற பனிக்கட்டியை வெட்டி வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று 1806-இல் மார்ட்டினிக் தீவுக்கு ஒரு கப்பல் அனுப்பினார். ஊரே சிரித்தது, பணம் நஷ்டம். மனிதர் விடவில்லை. மரத்தூளில் பொதிந்தால் கட்டி கரைவது குறையும் என்று பழகிக்கொண்டார். குதிரை இழுக்கும் ஏர் மாதிரி ஒரு கருவி வந்தது. உறைந்த குளத்தைச் சதுரம் சதுரமாக அறுத்தார்கள். ஆனால் ஐஸை வைத்து என்ன செய்வது என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டுமே! மதுக்கடைக்காரர்களுக்குக் கொஞ்ச நாள் ஐஸை இலவசமாகவே கொடுத்தார். ஜில்லென்று குடித்துப் பழகிய வாடிக்கையாளர்கள் பிறகு வெதுவெதுப்பானதைத் தொடவில்லை. ஐஸ் ஆடம்பரம் என்ற நிலை மாறி அமெரிக்கர்களின் அன்றாடப் பொருளானதில் இந்த வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னால் மின்சாரக் குளிர்பெட்டி வந்தது, பழக்கம் வேரூன்றிவிட்டது.

1833-இல் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நாலு மாதப் பயணம், இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்ட வேண்டும். போய்ச் சேர்ந்தபோதும் 100 டன் கரையாமல் இருந்தது. அடுத்து பம்பாய், மதராஸ். மதராஸில் அந்த ஐஸை இறக்கி வைக்க 1842-இல் கடற்கரையோரம் ஒரு கட்டடம் எழுந்தது. திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்று சொல்வது அதைத்தான். 1897-இல் விவேகானந்தர் தங்கிய அதே கட்டடம். இப்போது பெயர் விவேகானந்தர் இல்லம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், அமெரிக்கக் குளத்துத் தண்ணீர் கட்டியாக வந்து இறங்கிய இடம் இது என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

ஐஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் தண்ணீர் கேட்கும்போதே "நோ ஐஸ்" என்று சொல்லிவிடலாம். வயதானவர்களுக்கு வெந்நீர் கேட்டாலும் தருவார்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கனடாவிலும் பால் பாக்கெட்டில்தான் வருகிறதாமே?

ஆமாம், ஒண்டாரியோவிலும் கியூபெக்கிலும் இன்னும் கிழக்கிலும். ஒரு பெரிய பைக்குள் மூன்று சின்னப் பைகள், மொத்தம் 4 லிட்டர். சின்னப் பையை அப்படியே ஒரு பிளாஸ்டிக் ஜாடிக்குள் நிறுத்தி, மூலையைக் கத்தரித்து ஊற்ற வேண்டும். ஆவின் பாக்கெட் வெட்டிப் பழகிய கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கே வான்கூவரிலிருந்து வருகிற கனடாக்காரர்களே இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

அங்கே கிலோவா பவுண்டா? செல்சியஸா ஃபாரன்ஹீட்டா?

அமெரிக்கா என்றால் மைல், பவுண்டு, ஃபாரன்ஹீட். கனடாவில் இரண்டும் கலந்து கிடக்கும். 1975 ஏப்ரல் 1 முதல் வானிலை அறிக்கை செல்சியஸுக்கு மாறியது. 1977-இல் சாலைப் பலகைகள் கிலோமீட்டருக்கு மாறின. 1985-இல் அளவை மாற்றுவதற்கென இருந்த ஆணையத்தையே கலைத்துவிட்டார்கள், வேலை பாதியில் நின்றது. அதனால் வெளியே குளிர் செல்சியஸில், சமையலறை ஓவனில் சூடு ஃபாரன்ஹீட்டில். தூரம் கிலோமீட்டரில், ஆள் உயரம் அடியில். காய்கறிக் கடையில் தக்காளி விலையைப் பவுண்டுக்குப் பெரிய எழுத்திலும் கிலோவுக்குப் பொடி எழுத்திலும் போடுவார்கள். பொடி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள், ஊர்க் கணக்கோடு ஒப்பிட அதுதான் சுலபம்.

இந்தக் கலப்படம் ஒருமுறை உயிரோடு விளையாடியது. 1983 ஜூலை 23. மாண்ட்ரீலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குப் போன ஏர் கனடா 143 விமானம். புத்தம்புது போயிங் 767. எரிபொருளைக் கிலோவில் கணக்கிடும் விமானம். எரிபொருள் அளவு காட்டும் கருவி வேலை செய்யவில்லை என்று கையால் கணக்குப் போட்டார்கள். லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கு உரிய 1.77-ஐப் போட்டுவிட்டார்கள். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் ஏறியது. 41,000 அடி உயரத்தில் தீர்ந்தது. இரண்டு எஞ்சினும் நின்றன. விமானி பாப் பியர்சன் பொழுதுபோக்காக எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். அந்தப் பெரிய விமானத்தை அப்படியே மிதக்கவிட்டு, மானிடோபாவில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார். அன்றைக்கு அங்கே கார் பந்தயம் நடந்து, குடும்பம் குடும்பமாக ஜனம் கூடியிருந்தது. ஆனாலும் விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள், தரையிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பிள்ளைகள் கணக்கில் அலகை எழுதாமல் விட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மஞ்சள் ஸ்கூல் பஸ் நின்றால் எதிர்ப்பக்கம் வருகிற வண்டியும் நிற்குமாமே?

நிற்கும், நின்றே தீர வேண்டும். பஸ்ஸின் மேல் சிவப்பு விளக்கு மாறி மாறி மின்னும். பக்கவாட்டிலிருந்து "ஸ்டாப்" பலகை ஒரு கை மாதிரி நீளும். நடுவே தடுப்பு இல்லாத சாலையானால் இரண்டு பக்கமும் அத்தனை வண்டியும் அசையாது. ஒண்டாரியோவில் மீறினால் முதல் தடவைக்கே 400 முதல் 2,000 டாலர் அபராதம், ஓட்டுநர் கணக்கில் 6 தண்டனைப் புள்ளிகள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகள் ஒவ்வொரு விதமான வண்டியில் போனார்கள். குதிரை வண்டியில் போன இடமும் உண்டு. 1939-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் சையர் என்ற பேராசிரியர் ஒரு கூட்டம் கூட்டி, பஸ்ஸின் அகலம், உயரம், நிறம் எல்லாவற்றுக்கும் ஒரே விதி வகுக்கவைத்தார். விடியற்கால மங்கலிலும் இந்த மஞ்சள் கண்ணில் படும், அதன்மேல் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும் என்பதால் இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இங்கே நான் பார்த்ததில் என் மனதை முதலில் தொட்டது இதுதான். ஆறு வயதுப் பிள்ளை முதுகுப்பையோடு ரோட்டைக் கடக்கிறது. லாரி, பென்ஸ் கார், போலீஸ் வண்டி எல்லாம் அதற்காகக் காத்து நிற்கின்றன. இது நம் ஊரிலும் வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். பணம் அதிகம் தேவைப்படாத காரியம் இது.

உங்களுக்கு எப்போது போன் பண்ணலாம்? ஏன் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது?

மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறோம். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறோம். டொராண்டோ கோடையில் இந்தியாவை விட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் பத்தரை. ஊரில் இரவு எட்டு என்றால் எங்களுக்குக் காலை, அப்போது கூப்பிடுங்கள். அரிசோனாவின் பெரும்பகுதியும் சஸ்காட்செவானும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. உலகிலேயே முதலில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கிய ஊர் ஒண்டாரியோவின் போர்ட் ஆர்தர், 1908-இல்.

பாத்ரூமில் தண்ணீர் வசதி இருக்காதாமே?

இருக்காது, காகிதம்தான். வீட்டில் கை ஷவர் பொருத்திக்கொள்ளலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், நம்மவர்கள் வீட்டில் அநேகமாக இருக்கும். பொது இடத்தில் ஒரு காலி பாட்டில் கைவசம் இருந்தால் போதும்.

மனிதர்கள் எப்படி? ஒட்டிப் பழகுவார்களா?

சொல்லாமல் யார் வீட்டுக்கும் போவதில்லை. சம்பளம், வயது, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் கேட்கக் கூடாது. அதை வைத்துப் பாசமில்லாத ஜனம் என்று முடிவுகட்டுவது சரியில்லை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியவர், மனைவியை இழந்தவர். வருடக்கணக்காக அவரும் நானும் பேசியது வானிலை மட்டும்தான். எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்து மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் பனி கொட்டித் தீர்த்தது. ஒவ்வொரு நாளும் நான் வீடு திரும்பும்போது எங்கள் வாசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் பனி தள்ளி, உப்பும் தூவியிருந்தது. கேட்டால், "என் மெஷின் எப்படியும் ஓடிக்கொண்டுதானே இருந்தது" என்றார். என் அம்மா அவருக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினார். சட்டி இரண்டு நாளில் கழுவித் துடைத்து, நிறைய ஆப்பிளோடு திரும்பி வந்தது. "வெறும் பாத்திரமா திருப்பித் தரக்கூடாதுன்னு இவருக்கு யாருய்யா சொன்னது?" என்று அம்மா வியந்துபோனார்.

புதிதாக வருகிறவர் முதலில் எங்கே போக வேண்டும்?

நூலகத்துக்கு. யார் கேட்டாலும் என் பதில் இதுதான். டொராண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். நகரில் வசிப்பவருக்கு அட்டை இலவசம். ஸ்காபரோ கிளைகளில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. தாமதமாகத் திருப்பினால் போட்ட அபராதத்தை 2022-இல் அறவே எடுத்துவிட்டார்கள். புத்தகம் தவிர சில கிளைகளில் இசைக்கருவிகூட இரவல் தருவார்கள். புதுக் குடியேறிகளுக்கு வேலை, பள்ளி, வீடு பற்றி ஆலோசனை சொல்ல ஆட்கள் உட்காரும் கிளைகளும் உண்டு. கம்ப்யூட்டர், பிரிண்டர், வெதுவெதுப்பான இடம், யாரும் "என்ன வாங்குகிறீர்கள்" என்று கேட்காத நாற்காலி. குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பெற்றோரை அங்கே கூட்டிப்போங்கள்.

இதற்கும் ஒரு பின்னணி உண்டு. இரும்பு வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னெகி, அமெரிக்காவில் 1,679 நூலகக் கட்டடங்களுக்கும் கனடாவில் 125-க்கும் பணம் கொடுத்தார். கனடாவின் 125-இல் 111 ஒண்டாரியோவில் கட்டப்பட்டவை. நிலத்தை ஊர் தர வேண்டும், வருடாந்தரச் செலவையும் ஊரே வரிப்பணத்தில் ஏற்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அவருடைய ஆலைகளில் தொழிலாளர்கள் பட்ட பாட்டையும், 1892-இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலை வேலைநிறுத்தம் ரத்தத்தில் முடிந்ததையும் நான் மறந்துவிடவில்லை. ஆனாலும் அந்த நிபந்தனை நல்ல நிபந்தனை. அதனால்தான் இந்த நூலகங்கள் ஊர்க்காரர்களின் சொத்தாக நிலைத்தன.

சுற்றிப் பார்க்க வருகிறோம். எந்த மாதம் வருவது நல்லது?

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதிவரை. குளிர் தாங்கும், மேப்பிள் இலைகள் சிவந்து நிற்கும், நயாகராவில் கோடைக் கூட்டமும் குறைந்திருக்கும். அக்டோபர் இரண்டாவது திங்கள் கனடாவின் நன்றி அறிவிப்பு நாள்; அந்த வார இறுதியில் தங்குமிடம் கிடைப்பது சிரமம், முன்பே பதிவு செய்யுங்கள். பனி பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஜனவரியில் வாருங்கள். கோட்டு, பூட்ஸ் ஊரில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்கினால்தான் இந்தக் குளிருக்குத் தாங்கும். விமான நிலையத்தில் ஊறுகாய், பொடி, பலகாரம் எது கொண்டுவந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கனடாவில் வைத்தியம் இலவசம் என்பது இங்கே வசிப்பவர்களுக்குத்தான், சுற்றுலா வருகிறவர்களுக்குப் பொருந்தாது. அதனால் பயண மருத்துவக் காப்பீட்டை டிக்கெட் எடுக்கும்போதே எடுத்துவிடுங்கள்.